லண்டன் அலாட்மென்டில் நம் ஊர்க் காய்கறி: எது வரும், எது வராது

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: வருடக்கணக்கில் காத்திருந்து வடமேற்கு லண்டனில் ஓர் அலாட்மென்டில், அதாவது காய்கறி போடக் கவுன்சில் என்கிற உள்ளாட்சி வாடகைக்குக் கொடுக்கும் நிலத்தில், அரை பிளாட் (துண்டு நிலம்) கிடைத்திருக்கிறது, இடம் முழுக்கக் களை, மனைவி யாழ்ப்பாணம், நீங்கள் தஞ்சாவூர்ப் பக்கம், கத்தரி, வெண்டை, பாகல், புடலை, அவரை, முருங்கை, கீரை, பழம் எல்லாம் போட ஆசை, இரண்டு சின்னப் பிள்ளைகள், முதல் வருடத்திலேயே ஒரு பகுதியைப் பயிர் செய்தாக வேண்டும் என்று கவுன்சில் கடிதம் சொல்கிறது, பிப்ரவரி பிறந்துவிட்டது. கேள்வியில் இத்தனை பெயர்கள் இருந்தாலும் கேட்பது இரண்டு விஷயங்கள் என்று நினைக்கிறேன். இந்த நாட்டு மண் நம் காய்கறியைக் கொடுக்குமா என்பது ஒன்று. வேலைக்கும் போய்க்கொண்டு, பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு, முதல் வருடத்தில் மூச்சு முட்டாமல் இதை எப்படிப் பிடித்து நிற்பது என்பது இன்னொன்று. இரண்டாவதுதான் முக்கியம். பிளாட்டை விட்டுவிட்டுப் போகிறவர்களில் பெரும்பாலானோர் முதல் இரண்டு வருடத்தில்தான் போகிறார்கள், அதுவும் செடி வராததால் இல்லை, களையிடம் தோற்றுப்போய்.

நான் மேற்கு லண்டனில் பல வருடங்களாக ஒரு பிளாட் வைத்திருக்கிறேன், எங்கள் தளத்தின், அதாவது பிளாட்கள் எல்லாம் சேர்ந்த இடத்தின், கமிட்டியிலும் இருக்கிறேன், தோட்டக்கலையில் முறையான அடிப்படைப் பயிற்சியும் எடுத்திருக்கிறேன். கீழே உறுதியாகச் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஆண்டுக்கு ஆண்டு மாறுவதை மாறும் என்றே சொல்லியிருக்கிறேன். உங்கள் மண்ணை நான் பார்த்ததில்லை, அதனால் மண் பற்றிச் சொல்லும் இடத்தில் மட்டும் பக்கத்து பிளாட்காரர் சொல்வதை என் பேச்சைவிட மேலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அளவு. முழு பிளாட் என்பது 10 ராட், அதாவது ஏறக்குறைய 250 சதுர மீட்டர். உங்களுடையது அரை என்றால் சுமார் 125, நம் கணக்கில் மூன்று சென்ட். யாழ்ப்பாணத்தில் 10 பேர்ச் கொண்ட பரப்புக் கணக்கில் பார்த்தால் முழு பிளாட் சரியாக ஒரு பரப்பு, உங்களுடையது அரைப் பரப்பு, இங்கே ராட் என்பதும் அங்கே பேர்ச் என்பதும் ஒரே அளவுதான். மனைவிக்கு அது உடனே கண்ணில் தெரியும். கேட்கச் சின்னதாக இருக்கும், ஆனால் முதல் தடவை குனிந்து களை எடுக்கும்போது அது சின்ன இடம் இல்லை.

இப்போது, பிப்ரவரியில், செய்ய வேண்டியது விதை வாங்குவது இல்லை. இடத்தைப் பாதியாகப் பிரித்து ஒரு பாதியை மூடிவிடுங்கள். வெளிச்சம் புகாத கனமான கறுப்பு ஷீட் போட்டு, ஓரங்களில் செங்கல்லோ பலகையோ வைத்து அழுத்திவிட்டால் போதும். பழைய கார்ப்பெட் வேண்டாம், அதிலிருந்து இழையும் சாயமும் மண்ணில் இறங்கும், பல கவுன்சில்கள் அதைத் தடையே செய்திருக்கின்றன. மூடி வைத்த இடத்தைப் பயிர் செய்ததாகக் கணக்கில் எடுப்பார்களா என்பது இடத்துக்கு இடம் மாறும், அதனால் மூடுவதற்கு முன்பே தளப் பொறுப்பாளருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, இந்தப் பாதியை இந்த வருடம் மூடித் தயார் செய்கிறேன், அடுத்த பாதியில் பயிர் வைக்கிறேன் என்று எழுதி வையுங்கள். பொறுப்பாக ஒருவர் எழுதிச் சொன்னால் கமிட்டியில் யாரும் அவர் மேல் பாய்வதில்லை, சத்தமே இல்லாமல் புதர் மண்டிக் கிடக்கும் பிளாட்டுக்குத்தான் கடிதம் போகிறது.

ரோட்டவேட்டர் என்கிற உழவு இயந்திரத்தை வாடகைக்கு எடுத்து ஒரே நாளில் உழுதுவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம். இங்கே நமக்கு எதிரி மூன்று: பைண்ட்வீட் என்கிற கொடி, கவுச் புல், ஹார்ஸ்டெயில். மூன்றும் மண்ணுக்குள்ளே படரும் வேராலும் தண்டாலும் பரவுபவை, கோரைக்கிழங்கைக் கொத்திவிட்ட வயல் மாதிரி, ஒவ்வொரு துண்டும் ஒரு புதுச் செடியாகும். உழுத மறுநாள் இடம் அழகாக இருக்கும், ஜூனில் இரண்டு மடங்காக வந்து நிற்கும். முள் மண்வெட்டியால், அதாவது ஃபோர்க்கால், கிளறி வெள்ளை வேரை இழுத்து எடுப்பதுதான் வழி, ஒரு நேரத்தில் ஒரு பாத்தி அளவு மட்டும். பைண்ட்வீட்டும் கவுச்சும் இப்படி இரண்டு மூன்று வருடத்தில் அடங்கும். ஹார்ஸ்டெயில் முழுவதும் போகாது, அதன் வேர் மிக ஆழம், தலை காட்டும்போதெல்லாம் வெட்டிக்கொண்டே இருந்து பலவீனப்படுத்தலாம், அவ்வளவுதான். கிளறும்போது உடைந்த கண்ணாடி வரும், பழைய கிரீன்ஹவுஸ் இருந்த இடமென்றால் நிறைய வரும். பிள்ளைகளை மண்ணில் இறக்குவதற்கு முன் ஒரு தடவை நீங்கள் கிளறிப் பார்த்துவிடுங்கள்.

வடமேற்கு லண்டன் என்பதால் பெரும்பாலும் கனத்த களிமண்ணாக இருக்கும். மழையில் சேறு, கோடையில் பாறை, ஆனால் சத்து நிறைந்தது. ஈரமாக இருக்கும்போது அதன் மேல் நடக்காதீர்கள், இறுகிவிடும். ஒவ்வொரு வருடமும் மேலே ஐந்தாறு சென்டிமீட்டர் கம்போஸ்டோ மக்கிய எருவோ பரப்பிவந்தால் மண்புழு உள்ளே இழுத்துக்கொள்ளும். குதிரை லாயத்து எரு இலவசமாகக் கிடைக்கும், அதில் ஓர் ஆபத்து இருக்கிறது. புல்வெளிக்கு அடிக்கும் அமினோபைரலிட் என்கிற களைக்கொல்லி வைக்கோல் வழியாகக் குதிரை வயிற்றுக்குப் போய், எருவிலும் அழியாமல் தங்கும். அந்த எருவைப் போட்டால் தக்காளி, பீன்ஸ், உருளை எல்லாம் இலை சுருண்டு, சூம்பிப்போய் நிற்கும். அதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை: இரண்டு மூன்று தொட்டியில் அந்த எருவைக் கலந்தும், இரண்டு மூன்றில் கலக்காமலும் பிராட் பீன்ஸ் விதையை ஊன்றுங்கள். மூன்று நான்கு வாரத்தில் எருத் தொட்டியில் மட்டும் இலை கிண்ணம் மாதிரி சுருண்டால் அந்த எரு வேண்டாம். அப்புறம் ஈயம். நகரத்துப் பழைய நிலங்களில் அது இருக்கக்கூடும், கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. உங்கள் தளத்தின் பழைய வரலாறு என்ன, மண் பரிசோதனை செய்திருக்கிறார்களா என்று கமிட்டியிடம் கேளுங்கள், சின்னப் பிள்ளைகள் இருப்பதால் இதை நான் வலியுறுத்திச் சொல்கிறேன்.

இனி உங்கள் பட்டியலுக்கு வருவோம். எல்லாரும் குளிரைப் பற்றியே பேசுவார்கள், குளிர் பாதிதான், மீதிப் பாதி வெளிச்சம். சென்னையில் ஆண்டின் மிக நீண்ட பகல்கூட 13 மணி நேரத்தைத் தாண்டாது. லண்டனில் ஜூன் 21 அன்று பகல் பதினாறரை மணி நேரத்துக்கும் மேல், டிசம்பர் 21 அன்று எட்டு மணி நேரம்கூட இல்லை. நம் ஊர்ச் செடிகள் பலவும் இரவின் நீளத்தைப் பார்த்துத்தான் எப்போது பூப்பது என்று முடிவு செய்கின்றன. கண்ணாடிக் கூடாரம் கட்டிக் குளிரை மாற்றலாம், இதை மாற்ற முடியாது. உறைபனி என்று பார்த்தால், லண்டனில் ஏப்ரல் கடைசியிலும் சில வருடம் மே நடுவிலும்கூட ஓர் இரவு வந்துவிட்டுப் போகும், திரும்ப அக்டோபர் கடைசி, நவம்பரில் தொடங்கும். குளிர் தாங்காத எதையும் மே கடைசி வாரத்துக்கு முன் வெளியே நடாதீர்கள். ஏப்ரலில் நாலு நாள் வெயில் அடிக்கும்போது பக்கத்து ஆள் நடுவார், நீங்கள் நடாதீர்கள்.

அவரையில் இது அப்படியே தெரியும். ஆடியில் விதைத்து, பகல் குறையக் குறையப் பூத்து, கார்த்திகையிலிருந்து காய்க்கிற செடி அது. இங்கே மே மாதம் வைத்தால் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் முழுக்கக் கொடியும் இலையுமாகப் பந்தலை மூடும், பூக்காது. செப்டம்பர் பாதியில் இரவு நீண்டதும் ஊதாப் பூக்களாகப் பூக்கும், பார்க்க அத்தனை அழகு, பிஞ்சு பிடிக்கும் நேரத்தில் குளிர் வந்து எல்லாம் உதிரும். ஊரிலிருந்து வந்த நாட்டு அவரை விதை பெரும்பாலும் இப்படித்தான். சிறகவரையும் அப்படியே. இதற்கு உரமோ மருந்தோ கிடையாது, அதனால் அந்த இடத்தை அதற்குக் கொடுக்காதீர்கள்.

அதற்குப் பதில் ரன்னர் பீன்ஸ் வையுங்கள். இதை நான் மனதாரச் சொல்கிறேன், ஆங்கிலேயர்களின் தோட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த செடி இதுதான். மே நடுவில் நேராக மண்ணில் ஊன்றலாம், எட்டடி மூங்கில் நட்டு ஏற்றிவிடலாம், சிவப்புப் பூவுக்குப் பெரிய வண்டுத்தேனீ தேடி வரும், ஜூலையிலிருந்து செப்டம்பர் கடைசி வரை காய்க்கும். நீளமாக வளரவிட்டு ஓரத்து நாரை உரித்துச் சாப்பிடுவது அவர்கள் பழக்கம். நீங்கள் விரல் நீளத்தில் பிஞ்சாகப் பறித்து, பொடியாக அரிந்து, தேங்காய் போட்டுப் பொரியல் செய்து பாருங்கள், அவரைக்காய்க்கு ரொம்பப் பக்கத்தில் வரும். பச்சையாக மட்டும் யாரும், முக்கியமாகப் பிள்ளைகள், மெல்லக் கூடாது, வேகாத பயற்றில் உள்ள லெக்டின் வயிற்றைக் கெடுக்கும். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை பறித்தே ஆக வேண்டும், முற்ற விட்டால் காய்ப்பை நிறுத்திவிடும். கடும் வெயிலில் பூ உதிர்ந்தால் வேருக்குத் தண்ணீர் போதவில்லை என்று பொருள். பீன்ஸ் கறிக்கு, ஏறு கொடி பிரெஞ்சு பீன்ஸ் கோப்ரா என்ற ரகம் நம்பகமானது, ஒரு பாத்தியில் கிடைப்பது நாலு பேருக்குத் தாராளம்.

கத்தரி, வெண்டை, பாகல், புடலை நான்கும் பாலிடனலோ (பிளாஸ்டிக் தாள் போர்த்திய நீளக் கூடாரம்) கிரீன்ஹவுஸோ (கண்ணாடிக் கூடாரம்) இருந்தால்தான் பேச முடியும். அதைக் கட்ட உங்கள் தளத்தில் அனுமதி வேண்டுமா, எந்த அளவு வரை கட்டலாம் என்று ஒப்பந்தத்தில் இருக்கும், வாங்குவதற்கு முன் படியுங்கள். கத்தரியும் மிளகாயும் உள்ளே நிச்சயம் வரும், ஆனால் விதையைப் பிப்ரவரியிலேயே வீட்டுக்குள் இருபது டிகிரிக்கு மேல் வெதுவெதுப்பில் முளைக்க வைக்க வேண்டும். நீங்கள் இன்று செய்ய வேண்டிய ஒரே விதைப்பு அதுதான், இப்போது தவறினால் மே மாதம் நாற்றாக வாங்கிக்கொள்ளுங்கள், அதில் குறை ஒன்றும் இல்லை. செடி ஓரடி வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டு, பெரிய காய் ரகம் என்றால் ஐந்தாறு காய் மட்டும் விடுங்கள், நம் ஊர்ச் சின்னக் கத்தரி ரகத்தில் கூட விடலாம். உள்ளே காற்று வறண்டால் சிவப்புச் சிலந்திப் பேன் வரும், இலைக்கடியில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தால் குறையும்.

பாகலும் புடலையும் வரும், ஆனால் ஒவ்வொரு வருடமும் ஒரே மாதிரி வராது. விதையை ஓரிரவு ஊறவைத்து, ஏப்ரலில் நல்ல சூட்டில் முளைக்கவைத்து, ஜூனில் டனலுக்குள் நட வேண்டும். நீண்ட பகலில் முதலில் ஆண் பூவாகவே வந்துகொண்டிருக்கும், பெண் பூ தாமதமாக வரும், பயப்படாமல் காத்திருங்கள். டனலுக்குள் பூச்சி குறைவு என்பதால் கையால் மகரந்தம் சேர்த்துவிடுவது நல்லது. பாகல் பூ காலையில் விரியும், அப்போது செய்யலாம். புடலைப் பூ அந்தி சாய்ந்துதான் விரியும், இங்கே ஜூலையில் அது இரவு ஒன்பது மணியைத் தாண்டும், தளத்துக் கதவை எத்தனை மணிக்குப் பூட்டுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டு திட்டமிடுங்கள். வெண்டைதான் இவற்றில் சந்தேகமான ஆள். டனலுக்குள் நல்ல கோடையில் காய்க்கும், மேகமூட்டமான கோடையில் ஒரு முழச் செடி நாலு காயோடு நின்றுவிடும். 2022 கோடையில், லிங்கன்ஷயரில் 40.3 டிகிரி தொட்ட அந்த வருடத்தில், திறந்த வெளியிலேயே வெண்டை காய்த்தவர்கள் உண்டு, அதைப் பார்த்து அடுத்த வருடமும் வெளியே நட்டால் ஏமாற்றம்தான்.

முருங்கை வராது. தொட்டியில் வைத்துக் குளிர்காலத்தில் வீட்டுக்குள் கொண்டுபோனால் கீரை கொஞ்சம் பறிக்கலாம், காய் என்பதை மறந்துவிடுங்கள், பிளாட்டில் வெளியே நட்டால் முதல் உறைபனியோடு முடிந்தது. கறிவேப்பிலை தொட்டியில், வீட்டு ஜன்னலோரம், குளிர்காலத்தில் தண்ணீரைக் குறைத்து வைத்தால் இலை கொட்டினாலும் வசந்தத்தில் துளிர்க்கும். இங்கே குளிரைத் தாங்கும் வாழை ஒன்று விற்கிறார்கள், அது இலைக்கும் அழகுக்கும்தான், அதன் பழம் சாப்பிட ஆகாது.

கீரைதான் உங்கள் குடும்பத்துக்கு முதல் வருடத்திலேயே ஊர்ச் சாப்பாட்டைக் கொடுக்கப்போவது. தண்டுக்கீரையும் முளைக்கீரையும் மே கடைசிக்குப் பிறகு, மண் சூடேறியதும் தூவினால் லண்டன் கோடையில் வெளியிலேயே நன்றாக வரும். இங்கே கரீபியன் குடும்பங்கள் இதைக் கலலூ என்று காலங்காலமாகப் பயிரிடுகிறார்கள், உங்கள் தளத்தில் ஒரு ஜமைக்காக்காரர் இருந்தால் அவரிடம் இந்த மண்ணுக்குப் பழகிய விதை இருக்கும், போய்ப் பேசுங்கள். வெந்தயம் சமையலறை டப்பாவிலிருந்தே எடுத்து ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை தூவலாம், நாலைந்து வாரத்தில் கீரை, சின்னப் பிள்ளைகள் கையால் விதைக்க இதைவிட நல்ல செடி இல்லை. பிறகு உங்கள் களைகளுக்கு நடுவே பாருங்கள், தளிர் இலைகளில் மாவு பூசினாற்போல் ஒரு செடி நிற்கும், ஃபேட் ஹென் என்று இங்கே பிடுங்கி எறிவார்கள், அது நம் சக்கரவர்த்திக் கீரை. இளசாகப் பறித்துப் பருப்போடு கடையலாம். தெரிந்த ஒருவர் பார்த்து உறுதி செய்த பிறகு மட்டும் பறியுங்கள்.

கொத்தமல்லி நம்மவர்கள் எல்லாருக்கும் இங்கே தகராறு செய்கிறது. நீண்ட பகலைப் பார்த்ததும் பூவெடுத்து விதைக்கு ஓடிவிடும் செடி அது, மே ஜூனில் விதைத்தால் இலை கிடைக்காது. ஏப்ரல் தொடக்கத்தில் ஒரு தூவல், பிறகு ஆகஸ்டில் ஒரு தூவல். வெள்ளை முள்ளங்கியும், அதாவது மூலியும், வசந்தத்தில் போட்டால் கிழங்கு வைக்காமல் பூக்கும், ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவுக்குள் போட்டால் அக்டோபரில் முழங்கை நீளத்தில் பிடுங்கலாம். கவனித்தீர்களா, இரண்டுமே ஆடி மாதத்துக்குப் பொருந்துகின்றன. ஆடிப்பட்டம் தேடி விதை என்பது வேறு காரணத்துக்காகச் சொன்னது, ஆனாலும் இந்த இரண்டுக்கு லண்டனிலும் அது பலிக்கிறது.

உருளைக்கிழங்கை முதல் வருடத்தில் கண்டிப்பாகப் போடுங்கள். மண்ணைக் கிளறி, அணைத்து, மறுபடி கிளறி எடுக்கும் வேலையிலேயே பாதிக் களை போய்விடும், பிள்ளைகளுக்கும் புதையல் எடுப்பது போல் ஒரு நாள். ஃபர்ஸ்ட் எர்லி, அதாவது சீக்கிரம் விளையும், ரகம் மட்டும் வாங்குங்கள், சான்றிதழ் உள்ள விதைக்கிழங்காக, கடையில் சமையலுக்கு வாங்கியது வேண்டாம். இப்போதே முட்டை அட்டையில் கண் மேலே பார்க்க வைத்து முளைவிடச் செய்து, மார்ச் கடைசியில் நட்டால் ஜூன் கடைசி, ஜூலையில் எடுத்துவிடலாம். ஏன் சீக்கிரம் எடுக்க வேண்டும் என்றால், கருகல் நோய். 1840களில் அயர்லாந்தைப் பட்டினி போட்டது இதே பூஞ்சை மாதிரியான நோய்க்கிருமிதான், இன்றும் ஒவ்வொரு கோடையும் வருகிறது. தொடர்ந்து இரண்டு நாள் வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே இறங்காமல், இரண்டு நாளும் குறைந்தது ஆறு மணி நேரம் ஈரப்பதம் 90 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் ஆபத்து என்று இங்கே கணக்கு வைத்திருக்கிறார்கள். ஜூலை, ஆகஸ்ட் மழையில் அது எளிதில் நடக்கும். இலையில் பழுப்புத் திட்டு வந்ததும் தண்டை மண்ணோடு வெட்டி அப்புறப்படுத்தி, இரண்டு வாரம் கழித்துக் கிழங்கை எடுத்தால் பெரும்பாலும் தப்பும். தக்காளிக்கும் இதே நோய், வெளியே வைப்பதென்றால் கிரிம்சன் க்ரஷ் மாதிரி எதிர்ப்புள்ள ரகம் மட்டும்.

பூண்டு அக்டோபர், நவம்பரில் ஊன்றினால் குளிர் பட்டுப் பல் பிரிந்து ஜூலையில் தயார். வெங்காய வெள்ளை அழுகல், முட்டைக்கோஸ் குடும்பத்தின் வேர்வீக்கம் இரண்டும் ஒரு மண்ணில் புகுந்தால் 20 வருடம் வரை தங்கக்கூடியவை. முட்டைக்கோஸ் நாற்றை யார் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள், அடுத்தவர் பூட்ஸ் மண்கூட வேண்டாம், விதையிலிருந்து நீங்களே வளருங்கள்.

நத்தை. ஓடில்லாத நத்தைதான் இங்கே உண்மையான விவசாயி, இரவோடு இரவாக ஒரு வரிசை நாற்றையும் முடித்துவிடும். நத்தையைக் கொல்லும் மெட்டால்டிஹைட் குருணை 2022 வசந்தத்திலிருந்து பிரிட்டனில் தடை, ஷெட்டில் பழைய டப்பா கிடந்தால் பயன்படுத்தாதீர்கள், கவுன்சில் கழிவு மையத்தில் கொடுத்துவிடுங்கள். இரும்பு பாஸ்பேட் குருணை கிடைக்கிறது. அதைவிட, நாற்றை வீட்டில் ஒரு சாண் உயரம் வளர்த்துத் தடித்த பிறகு நடுவதும், மாலையில் ஊற்றாமல் காலையில் தண்ணீர் ஊற்றுவதும் கூடுதல் பலன் தரும். புறாவுக்கு வலை, வேறு வழி இல்லை.

பழம் என்று ஒரு வார்த்தையில் விட்டுவிட்டீர்கள், ஆனால் பிள்ளைகளைப் பிளாட்டுக்கு இழுத்து வருவது அதுதான். இலையுதிர்கால ராஸ்பெர்ரி ஒரு வரிசை வையுங்கள், ஆட்டம் ப்ளிஸ், போல்கா போன்ற ரகங்கள், ஒவ்வொரு பிப்ரவரியும் எல்லாத் தண்டையும் தரையோடு வெட்டிவிட்டால் போதும், வேறு சூத்திரம் எதுவும் இல்லை. கோடை ராஸ்பெர்ரிக்குக் காய்த்த தண்டை மட்டும் பார்த்து வெட்ட வேண்டும், அது பிறகு பார்த்துக்கொள்ளலாம். கருந்திராட்சை போன்ற பிளாக்கரன்ட்டில் ஸ்காட்லாந்தில் உருவாக்கிய பென் வரிசை ரகங்கள் நல்லவை, நடும்போது தொட்டியில் இருந்ததைவிட ஐந்து சென்டிமீட்டர் ஆழமாக நடுங்கள். கூஸ்பெர்ரியைப் பச்சையாகப் பறித்து உப்பு, மிளகாய்த் தூள், வெந்தயப் பொடி போட்டு ஊறுகாய் செய்தால் மாங்காய்த் துண்டு ஊறுகாயை நினைவுபடுத்தும் புளிப்பு. ரூபார்ப் தண்டைப் பருப்பில் புளிக்குப் பதிலாகப் போடலாம், முதல் வருடம் பறிக்காமல் விட வேண்டும், இலை நஞ்சு, அதைப் பிள்ளைகளுக்குக் காட்டிச் சொல்லி வையுங்கள். ஆப்பிள் வைக்கத் தளத்தில் அனுமதித்தால் எம்9, எம்26 என்று எழுதியிருக்கும் குட்டை வேர்த்தண்டில் ஒட்டியதை வாங்குங்கள், கென்ட்டின் ஈஸ்ட் மாலிங் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்தவை அவை, இரண்டு மீட்டரிலிருந்து மூன்று மீட்டருக்குள் கைக்கெட்டும் உயரத்தில் நிற்கும்.

விதை பற்றிக் கட்டாயம் இரண்டு விஷயம். அம்மா உறையில் போட்டுத் தரும் ஊர் விதையைப் பெட்டியில் கொண்டுவர ஆசை வரும். பல விதைகளுக்குத் தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் இந்த நாட்டுக்குள் கொண்டுவர அனுமதி இல்லை, தக்காளி, மிளகாய் விதையோடு வைரஸ் வந்துவிடும் என்பதால் அவற்றில் கூடுதல் கண்டிப்பு. இங்கேயே விற்கும் பாக்கெட்டில் பாகல், புடலை, சுரை எல்லாம் கிடைக்கின்றன. இரண்டாவது, உயிர் சம்பந்தப்பட்டது: சுரைக்காய், கோர்ஜெட் (வெள்ளரி போல் இருக்கும் பூசணி வகைக் காய்), பூசணி இவற்றில் நீங்கள் எடுத்து வைத்த விதை, பக்கத்து பிளாட்டின் அலங்காரச் சுரையோடு கலந்திருந்தால் காய் கசக்கும். அந்தக் கசப்பு நஞ்சு. பாகல் கசப்பது அதன் இயல்பு, அது வேறு. சுரையோ கோர்ஜெட்டோ நாக்கில் பட்டதும் கசந்தால் துப்பிவிட்டு, சமைத்ததையும் செடியையும் தூக்கிப் போடுங்கள், சமைத்தாலும் அந்த நஞ்சு போகாது.

ஆக, உங்கள் இடத்தில் நான் இருந்தால் இந்த வருடம் இப்படிப் பிரிப்பேன். பாதி கறுப்பு ஷீட்டுக்கு அடியில். ஜூன் வந்ததும் அந்த ஷீட்டில் இரண்டு மூன்று ஓட்டை போட்டு, ஓட்டைக்கு ஒரு கூடை கம்போஸ்ட் கொட்டி, பூசணியும் கோர்ஜெட்டும் நடுவேன், கொடி படர்ந்து மூடிய இடமும் பயிராகத் தெரியும். கோர்ஜெட் இரண்டு செடிக்கு மேல் வேண்டாம், அதையே தின்று முடிக்க முடியாது. மறுபாதியில் உருளை இரண்டு வரிசை, ரன்னர் பீன்ஸும் கோப்ராவும் ஒரு பந்தல், கீரைக்கு ஒரு பாத்தி, ராஸ்பெர்ரிக்கு ஓரம். உருளை எடுத்த இடத்தில் ஆடி முள்ளங்கியும் மல்லியும். டனல் இந்த வருடம் வேண்டாம், கத்தரியும் மிளகாயும் ஆசைக்கு வீட்டு ஜன்னலோரம் நாலு தொட்டி. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, நிழல் எங்கே விழுகிறது, தண்ணீர்த் தொட்டி எவ்வளவு தூரம் என்று ஒரு கோடை பார்த்த பிறகு அடுத்த வருடம் டனலை எங்கே வைப்பது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

கடைசியில் கேட்டிருந்த இரண்டு: மிஞ்சியதை விற்கலாமா, பிள்ளைகள் கேட்கும் கோழி வளர்க்கலாமா. 1922ஆம் ஆண்டு அலாட்மென்ட் சட்டம் இந்த நிலத்தை விளக்கும்போதே, பயிரிடுபவரும் அவர் குடும்பமும் சாப்பிடுவதற்காகப் பெரும்பகுதி காய்கறியும் பழமும் விளைவிக்கும் இடம் என்றுதான் சொல்கிறது, அதனால் வியாபாரமாகச் செய்ய முடியாது, கோயிலுக்கும் நண்பர்களுக்கும் கொடுங்கள். கோழிக்கும் முயலுக்கும், வியாபாரம் இல்லாமல் வளர்க்க, 1950ஆம் ஆண்டுச் சட்டம் இடம் கொடுக்கிறது, சேவலுக்கு இல்லை. ஆனால் 2024 அக்டோபரிலிருந்து இங்கிலாந்தில் ஒரே ஒரு கோழி வைத்தாலும் அரசிடம் பதிவு செய்ய வேண்டும், பறவைக் காய்ச்சல் காலத்தில் அடைத்து வைக்கச் சொல்வார்கள், நரி தினமும் வரும், காலையும் மாலையும் யாராவது போய்ப் பார்க்க வேண்டும். களை அடங்கும் வரை கோழியைத் தள்ளிப் போடுங்கள்.